புலிக்குப் பின்னால் தெரியும் மலை: நெல்லைச் சீமையின் பழைய காட்டுப் படங்களையும் ரயில் படங்களையும் தேடிக் காப்பது எப்படி?

திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் பழைய படங்களுக்குப் பஞ்சமே கிடையாது. தாத்தா ரயில்வேயில் கார்டாக இருந்திருப்பார். பெரியப்பா பாரஸ்டராக வேலை பார்த்திருப்பார். ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே ஒரு கரி எஞ்சின் படமோ, செத்த சிறுத்தைக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு நிற்கும் துரையின் படமோ கிடக்கும். வீட்டை இடித்துக் கட்டும்போது அந்தப் பெட்டி அப்படியே பழைய பேப்பர்காரரிடம் போய்விடுகிறது. இந்தப் படங்களைத் தேடி, விவரம் கண்டுபிடித்து, நகலெடுத்துப் பத்திரப்படுத்த நினைக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய செலவு இல்லை. ஒரு செல்போன், ஒரு மெத்தென்ற பென்சில், கொஞ்சம் பொறுமை இருந்தால் தொடங்கிவிடலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணை இழுப்பது புலியும் எஞ்சினும்தான். ஆனால் இந்த மண்ணைப் பற்றிய சேதி பெரும்பாலும் அவற்றுக்குப் பின்னால் இருக்கிறது: மலை முகட்டின் வளைவு, ஆற்றின் அகலம், தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் பனைகள், பெயர் தெரியாமல் ஓரத்தில் நிற்கிற ஆள். படத்தின் நடுவைப் பார்த்துவிட்டு மூடி வைத்தால் பாதிப் படத்தைத்தான் பார்த்தோம் என்று அர்த்தம். கீழே சொல்கிற வழிகள் எல்லாம் இந்த ஒரு நினைப்பிலிருந்துதான் வருகின்றன.

காட்டுப் படத்தையும் ரயில் படத்தையும் சேர்த்துத் தேடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ரயில் வந்த காலத்தில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டை காட்டிலிருந்து வந்தது. சென்னை மாகாணத்து எஞ்சின்கள் தொடக்க காலத்தில் விறகையும் எரித்தன. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தபோது அதிகாரிகளின் கவலைகளில் இந்த விறகுத் தேவையும் ஒன்று. அம்பாசமுத்திரம் வரை ரயில் வந்த பிறகு பாபநாசத்துக்கும் முண்டந்துறைக்கும் வேட்டைக்குப் போவது சுலபமாயிற்று. அதனால்தான் ஒரே ஆல்பத்தில் ஒரு பக்கம் ஸ்டேஷனும் மறு பக்கம் செத்த மிளாவும் (கடமான்) இருக்கும்.

முதலில் சில வருடங்களைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள்

படத்துக்குக் காலம் சொல்ல இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. மதுரையிலிருந்து வந்த தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் மீட்டர் கேஜ் பாதை 1876-இல் தூத்துக்குடியையும், மணியாச்சியிலிருந்து பிரிந்து திருநெல்வேலியையும் எட்டியது. மேற்கே கல்லிடைக்குறிச்சி வரை 1902, செங்கோட்டை வரை 1903. அங்கிருந்து மலையைக் குடைந்து புனலூர் போன பாதை 1904. திருச்செந்தூர் பாதை 1923. விருதுநகர் – தென்காசி 1927. நாகர்கோவில் பாதை 1981-இல்தான் வந்தது, அதுவும் நேராக அகலப்பாதையாக. ஆகவே வள்ளியூரிலோ நாங்குநேரியிலோ 1981-க்கு முன்னால் கரி எஞ்சின் நிற்பதாக யாராவது ஒரு பழைய படத்தைக் காட்டினால், ஊர்ப் பெயர் தப்பு என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.

தூத்துக்குடிக்குத் தனிக் கதை. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை இலங்கைக்குப் போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வந்து கப்பல் ஏறினார்கள். அதன் பிறகு இலங்கைக் கப்பலுக்கு ஆள் கொண்டுபோன போட் மெயில் ரயில் தனுஷ்கோடிக்கு மாறியது. தூத்துக்குடித் துறைமுகமும் கொழும்புப் பயணிகளின் கூட்டமும் ரயிலும் ஒன்றாகத் தெரிகிற படம் பெரும்பாலும் அந்த வருடத்துக்கு முந்தியது.

மாவட்ட எல்லையும் மாறியிருக்கிறது. தூத்துக்குடி 1986-இலும் தென்காசி 2019-இலும் தனி மாவட்டங்களாயின. பழைய ஆவணங்களில் எல்லாமே திருநெல்வேலிதான். செங்கோட்டையோ 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திரு-கொச்சி ஆட்சியில் இருந்தது. அந்தப் பக்கத்துக் காட்டுப் படங்களுக்குச் சென்னையில் மட்டும் தேடிக்கொண்டிருந்தால் போதாது. திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகத்தையும் பார்க்க வேண்டும்.

எங்கே தேடுவது?

வீட்டிலிருந்து தொடங்குங்கள். ரயில்வே காலனியில் குடியிருந்த குடும்பங்கள், ஓய்வு பெற்ற கேங்மேன்கள் (தண்டவாளத்தைப் பராமரித்தவர்கள்), ஸ்டேஷன் மாஸ்டர் வீடுகள், பாரஸ்ட் கார்டு வீடுகள், மாஞ்சோலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். மாஞ்சோலை மலை 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. அங்கே மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்களிடம் எந்தக் காப்பகத்திலும் இல்லாத படங்கள் இருக்கின்றன. இப்போது அந்தக் குடும்பங்கள் சமவெளிக்கு வந்து சிதறிக்கொண்டிருக்கின்றன. என்னைக் கேட்டால் முதலில் போக வேண்டிய இடம் இதுதான்.

அடுத்தது பழைய ஸ்டூடியோக்கள். ஜங்ஷன், டவுண், பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி என்று எல்லா ஊரிலும் அப்பா காலத்து ஸ்டூடியோ ஒன்றாவது இருக்கும். பரணில் கண்ணாடி நெகடிவ் இருக்கிறதா என்று கேளுங்கள். வெற்றுக் கண்ணாடி என்று நினைத்துக் கழுவிவிடுகிறவர்கள் உண்டு. ஸ்டூடியோ படங்களின் அருமை தெரிந்துதான் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களைத் தேடிப் போய்ப் படங்களை டிஜிட்டலாக்கினார்கள். அவற்றை பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தில் இணையத்திலேயே பார்க்கலாம்.

பொதுக் காப்பகங்களில் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம், எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், திருச்சி ரயில் அருங்காட்சியகம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையம் பிரிட்டிஷ் குடும்பங்களின் ஆல்பங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. மிஷனரிகள் எடுத்த படங்களைத் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இணையத் தொகுப்பில் தேடலாம். பாளையங்கோட்டையும் இடையன்குடியும் டோனாவூரும் இருக்கிற மாவட்டத்தில் மிஷனரிப் படங்களை விட்டுவிட முடியாது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழ் 1886 முதல் வருகிறது; எஸ்டேட் துரைமாரும் வன அதிகாரிகளும் அதில் குறிப்பும் படமும் அனுப்புவார்கள்.

இணையத்தில் தேடும்போது ஊர்ப் பெயரை வெள்ளைக்காரர் எழுதிய மாதிரியே ஆங்கிலத்தில் தட்ட வேண்டும்: டின்னவெல்லி, பாலம்கோட்டா, ஷென்கோட்டா, டூட்டிக்கோரின், கோர்ட்டாலம். விலங்குகளும் அப்படித்தான். வரையாட்டை அவர்கள் நீலகிரி ஐபெக்ஸ் என்றும் காட்டுமாட்டை பைசன் என்றும் எழுதினார்கள். இந்தப் பெயர்களைப் போட்டால் அதுவரை வராத படங்கள் வரும்.

படத்தை வாசிப்பது

இதற்கு நேரம் கொடுங்கள். ஒரு படத்தோடு அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் வீணில்லை. ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரயில் படமென்றால் முதலில் தண்டவாளத்தைப் பாருங்கள். மீட்டர் கேஜில் இரண்டு கம்பிக்கும் நடுவே 1,000 மில்லிமீட்டர், அகலப்பாதையில் 1,676. மீட்டர் கேஜில் வண்டி பாதையைவிட நன்றாக வெளியே பிதுங்கி நிற்கும். பழகினால் பார்த்ததும் தெரிந்துவிடும். அடுத்து எழுத்துகள். பெட்டியின் பக்கவாட்டில் தென்னிந்திய ரயில்வேயின் எஸ்.ஐ.ஆர். என்ற மூன்று எழுத்து இருந்தால் 1951-க்கு முந்தியது என்று கொள்ளலாம். அந்த வருடம் ஏப்ரல் 14-இல்தான் தெற்கு ரயில்வே பிறந்தது. வண்டிகளுக்கு உடனே பெயிண்ட் மாற்றியிருக்க மாட்டார்கள் என்பதால் ஓரிரு வருடம் கூடக் குறைய வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓட்டுநர் நிற்கும் இடத்தின் பக்கவாட்டில் எண் பலகை இருக்கும். அதில் ஒய்.பி., ஒய்.ஜி. என்ற மீட்டர் கேஜ் எஞ்சின் வகைப் பெயர் இருந்தால் 1940-களின் கடைசிக்கு முன்னால் போக முடியாது. ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் இந்தி இருந்தால் பெரும்பாலும் சுதந்திரத்துக்குப் பிந்தியது.

கைகாட்டி மரம், தண்ணீர்த் தொட்டி, எஞ்சினுக்குத் தண்ணீர் விடும் யானைத்துதிக்கை மாதிரியான குழாய், பிளாட்பாரத்து எண்ணெய் விளக்கு, வண்டி கிளம்ப அனுமதியாகக் கொடுக்கும் டோக்கன் வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் போர்ட்டர் என்று தெரிகிற எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ரயிலின் இரண்டு முனையிலும் எஞ்சின் இருந்தால் செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையா என்று பாருங்கள். ஏற்றத்தில் பின்னாலிருந்து ஒரு எஞ்சின் தள்ளும். கழுதுருட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பதின்மூன்று கண் பாலம் பின்னணியில் வந்துவிட்டால் சந்தேகமே இல்லை.

மணியாச்சிப் படங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 1911 ஜூன் 17-இல் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது அந்த ஸ்டேஷனில் நின்ற ரயில் பெட்டியில். "இதுதான் அந்தப் பெட்டி", "இதுதான் அன்று எடுத்த படம்" என்று செல்போனில் படங்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. எங்கிருந்து வந்தது, மூலப் படம் யாரிடம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்காத படத்துக்கு அந்த விவரத்தைப் போடாதீர்கள். வரலாற்றின் பெரிய நாளாக இருக்கும்போதுதான் இந்த நேர்மை ரொம்ப அவசியம்.

சரி, காட்டுப் படங்களுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் விலங்குகள் ஏன் செத்தே கிடக்கின்றன என்று புதியவர்கள் கேட்பார்கள். அன்றைய கேமராவுக்கு அசையாத பொருள் வேண்டும். உயிரோடு ஓடும் மிருகத்தைப் பிடிக்க அதற்கு வேகம் போதாது. ஓடும் ரயில் படங்கள் அந்தக் காலத்தில் அரிதாக இருப்பதற்கும் அதே காரணம்தான். எஞ்சினை நிறுத்தி, ஆட்களை வரிசையாக ஏற்றி நிற்க வைத்துத்தான் எடுத்தார்கள். வட இந்தியக் காடுகளில் எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி கால் தடுக்குக் கம்பி கட்டி, புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்படி செய்தது 1920-களில். ஆகவே 1900 வாக்கில் எடுத்த "உயிருள்ள காட்டுப் புலி" என்று வந்தால், கூண்டா, பாடம் பண்ணிய உடலா என்று பாருங்கள்.

இந்த இடத்தில் மா. கிருஷ்ணனைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். பல கேமராக்களின் உறுப்புகளைக் கொண்டு தானே சேர்த்துக் கட்டிய கருவியால், கறுப்பு வெள்ளையில், காட்டு யானைகளையும் மற்ற விலங்குகளையும் எடுத்தார். விலங்கு அதன் இடத்தில் எப்படி வாழ்கிறது என்பதைக் காட்டும் படங்கள் அவை. காட்டுப் படம் பார்க்கப் பழக விரும்புகிறவர்கள் அவர் படங்களைத் தேடிப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

கறுப்பு வெள்ளையில் எது எந்த விலங்கு என்று தடுமாறுவது சகஜம். நம் மலையில் அதிகம் குழப்புவது இரண்டு குரங்குகள். முகத்தைச் சுற்றி வெளுத்த பிடரியும் வால் நுனியில் குஞ்சமும் இருந்தால் சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கு. உடம்பைவிட நீண்ட, குஞ்சமில்லாத வாலும், உடம்பைவிட வெளிறிய தலையும் இருந்தால் கருமந்தி. சிறுத்தையின் உடம்பில் புள்ளிகள் வளையம் வளையமாக இருக்கும்; அடியில் ஆங்கிலத்தில் சீட்டா என்று எழுதியிருந்தாலும் புள்ளியைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

நிறத்தை மட்டும் ஊகிக்க வேண்டாம். 1920-கள் வரை புழங்கிய கண்ணாடித் தகடுகளும் பிலிமும் சிவப்பை அறியா. சிவப்பு வண்ணம் கறுப்பாக விழும், நீல வானம் வெள்ளையாக வெளுத்துவிடும். எஞ்சின் கறுப்பாகத் தெரிவதால் அது கறுப்பு எஞ்சின் என்று ஆகிவிடாது.

அப்புறம் பின்னணி. வேட்டைக்காரரின் தலைக்கு மேலே தெரிகிற முகட்டுக் கோட்டை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். பொதிகை அகத்தியர் மலையின் உச்சியை அம்பாசமுத்திரம் பக்கத்தார் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். பாபநாசம் மேலணை 1940-களில் வந்தது, மணிமுத்தாறு அணை 1958. படத்தில் நீர்த்தேக்கம் தெரிகிறதா, வெறும் பள்ளத்தாக்கா என்பதை வைத்தே காலம் குறுகிவிடும். விக்கிரமசிங்கபுரம் நூற்பாலையின் புகைபோக்கி தெரிந்தால் 1880-களுக்கு முந்தியதாக இருக்க முடியாது.

படத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சில் குறிப்பு, தபால் தலை எல்லாம் அங்கேதான். தபால் தலையில் இருப்பது விக்டோரியா ராணியா, எட்வர்டா, ஐந்தாம் ஜார்ஜா என்று பாருங்கள்: 1901, 1910, 1936 ஆகியவை அவர்கள் ஆட்சி முடிந்த வருடங்கள். தபால் தலையில் நயா பைசா இருந்தால் 1957-க்குப் பிறகு. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிறகு. ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: தபால் தலை, அந்தப் பட அட்டையைத் தபாலில் அனுப்பிய காலத்தைச் சொல்லும். படம் அதற்கு முன்பே எடுத்ததாக இருக்கலாம்.

நகலெடுப்பது

வீட்டுக்காரர்கள் படத்தை வெளியே தர மாட்டார்கள், தரவும் வேண்டாம். அவர்கள் திண்ணையிலேயே எடுத்துக்கொள்ளலாம். நேர் வெயில் படாத, நிழலான வெளிச்சம் போதும். பிளாஷை அணைத்துவிட்டு, போனைப் படத்துக்கு நேர் மேலே, சாயாமல் பிடிக்க வேண்டும். ஸ்கேனர் கிடைத்தால் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு), சின்னப் படத்துக்கு 1,200, நெகடிவுக்கு 2,400 அல்லது அதற்கு மேல். மூலக் கோப்பை டிஃப் ஆக வைத்துக்கொண்டு, பகிர ஜேபெக் நகல் எடுங்கள்.

நான்கு ஓரமும் முழுதாக வரட்டும். பின்பக்கத்தையும் எடுங்கள். கறை, கிழிசல், பூச்சி அரித்த இடம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். இப்போது போனிலேயே வண்ணம் பூசி, முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகள் வந்துவிட்டன. அவை இல்லாததைப் போட்டு நிரப்புகின்றன. ஓரத்து ஆளின் முகம் வேறு யாரோ ஒருவரின் முகமாகிவிடும். மூலக் கோப்பின் பக்கம் அவற்றை விடவே கூடாது.

பிரேமின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். செல்லோடேப், பெவிகால், லேமினேஷன் மூன்றும் படத்துக்கு எமன். ஒட்டும் தாள் போட்ட ஆல்பமும் அப்படியே. அமிலமில்லாத காகித உறையில் போட்டு, தரைத்தளத்து ஈரச் சுவரைத் தொடாமல், பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் மாதங்களிலும், திருநெல்வேலியில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் பூஞ்சை பிடிக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். 1950-களின் தொடக்கத்துக்கு முந்திய பிலிம் நெகடிவ் சட்டென்று தீப்பிடிக்கக்கூடிய வகையாக இருக்கலாம். அதை அடுப்படிப் பரணில் வைக்கவே வேண்டாம். காடி நாற்றம் அடிக்கிற பிலிமை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள்.

கேட்டு எழுதுவது

வயதானவர்களிடம் படத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். "தாத்தா, இது எந்த ஸ்டேஷன்?" என்று எடுத்ததும் கேட்டால் ஒரு பெயரோடு முடிந்துவிடும். "இந்த ஓரத்தில நிக்கிறது யாரு தாத்தா?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த கேங்கில் இருந்தார், எந்த ஊரிலிருந்து நடந்து வந்தார், மழையில் பாலம் மூழ்கினால் என்ன செய்தார்கள் என்று பேச்சு வளரும். சொன்னவர் பெயர், சொன்ன தேதி, அவர் நேரில் பார்த்ததா கேள்விப்பட்டதா என்பதை அவர் சம்மதத்தோடு எழுதுங்கள். படத்தின் பின்னால் எழுதுவதானால் மெத்தென்ற பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல். பேனா வேண்டாம்.

வேட்டைப் படங்களில் துரை பெயர் இருக்கும். புதரைத் தட்டி மிருகத்தைக் கிளப்பியவர்கள், வழி காட்டியவர்கள், சுமை தூக்கியவர்கள் பெயர் இருக்காது. அவர்களில் இந்த மலையின் பழங்குடிகளான காணி மக்களும் உண்டு. இஞ்சிக்குழி, மயிலாறு போன்ற காணிக் குடியிருப்புகளின் பெரியவர்களிடம் அந்தப் படங்களின் நகலைக் கொண்டுபோய்க் கொடுங்கள். தங்கள் முன்னோரை அவர்கள் அடையாளம் சொல்ல முடிந்தால் அந்தப் பெயரைத் துரையின் பெயருக்குச் சமமாக எழுதுங்கள். அளவெடுக்கவும் வேடிக்கை காட்டவும் எடுத்த படங்கள் சில உண்டு. அவற்றைப் பொதுவில் போடலாமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அதே இடத்தில் நின்று பார்ப்பது

பழைய படத்தோடு அந்த இடத்துக்கே போய், அதே கோணத்தில் இன்று ஒரு படம் எடுப்பது மிகவும் பயனுள்ள வேலை. கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே தாமிரபரணியைத் தாண்டும் ரயில் பாலம் தொடங்குவதற்கு நல்ல இடம். கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது. 1876-இல் போட்ட பாதையின் பக்கத்திலேயே இன்று மான்கள் மேய்கின்றன. கூந்தன்குளத்தில் கூழைக்கடாக்களும் நாரைகளும் ஊருக்குள் மரத்தில் கூடு கட்டுகின்றன. அந்த ஊர்ப் பழைய குடும்பப் படங்களில் பின்னால் உள்ள மரங்களைப் பாருங்கள், பறவை இருக்கும்.

தண்டவாளத்தில் இறங்கி நின்று எடுப்பது ஆபத்து, சட்டப்படி குற்றமும்கூட. களக்காடு – முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். தேடிப் போகும் வீட்டில் பழைய புலித்தோலோ பாடம் பண்ணிய தலையோ இருந்தால் விலை பேசாதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சான்றில்லாமல் வைத்திருப்பதே சிக்கல், வாங்குவது விற்பது அதைவிடப் பெரிய சிக்கல்.

கடைசியாக உரிமை. இந்தியாவில் 1958-க்கு முன் எடுத்த படங்கள் பொதுவாகப் பதிப்புரிமைக் காலம் தாண்டியவை. அதற்குப் பிந்தியவற்றுக்கு எடுத்தவரையோ வாரிசையோ கேட்க வேண்டும். எந்தக் காலத்துப் படமானாலும் கொடுத்த குடும்பத்தின் சம்மதம் முதலில். எல்லோரும் படம் பகிரும் இணையத் தொகுப்பான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றினால் ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு, படத்தில் யார், விவரம் சொன்னவர் யார் என்று நான்கையும் எழுதுங்கள். உறுதியில்லாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். கோப்புப் பெயரும் "அம்பாசமுத்திரம்_ரயில்பாலம்_1930கள்_முன்" என்ற மாதிரி பார்த்ததும் புரியட்டும். இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். ஒரு நல்ல அச்சுப் பிரதி போட்டு, சேகரித்த விவரத்தையும் ஒரு தாளில் எழுதி, படம் தந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் பெரும்பாலும் பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் தன் பெட்டியைத் திறப்பார்.